2 ஜிபி நெட்புக்கில் லினக்ஸ் போட்டால் ஓடுமா? வாங்குவதும் பராமரிப்பதும்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல், யூடியூப், செய்தித் தளங்கள், எப்போதாவது ஒரு கடிதமோ விண்ணப்பமோ தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் உங்கள் வேலை. அதற்கு ஒரு சின்னக் கணினி வேண்டும், அதிகம் செலவழிக்க விருப்பமில்லை. 2 ஜிபி ரேம் (நினைவகம்), 32 ஜிபி சேமிப்பு கொண்ட புது நெட்புக் (சின்ன மடிக்கணினி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, 'லினக்ஸ் போட்டால் பறக்கும்' என்கிறார்கள் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது), வாங்கலாமா? கட்டளை எதுவும் தெரியாத ஒருவரால் அதைப் பராமரிக்க முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: பலவீனமான ஒரு கணினியை லினக்ஸ் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அதில் தெளிவு வந்துவிட்டால் மற்ற இரண்டும் சுலபம்.

நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய மடிக்கணினிகளைத் திறந்து, துடைத்து, லினக்ஸ் போட்டு, கணினி வேலை தெரியாதவர்கள் கையில் கொடுத்துவருகிறேன். கொடுத்ததோடு முடிவதில்லை, ஏதாவது நின்றுபோனால் என்னிடம்தான் வருவார்கள். அதனால் எது ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடுகிறது, எது ஆறே மாதத்தில் திரும்பி வருகிறது என்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்து நேரடியாகச் சொல்கிறேன்: அந்த 2 ஜிபி கணினியை வாங்காதீர்கள். கிட்டத்தட்ட அதே செலவில் நல்ல நிலையில் உள்ள பழைய அலுவலக லேப்டாப் ஒன்றைத் தேடுங்கள். பராமரிப்பைப் பற்றி மட்டும் கவலையே வேண்டாம், அதைக் கட்டாயம் உங்களால் செய்ய முடியும்.

'லினக்ஸ் போட்டால் பறக்கும்' என்ற பேச்சு பொய்யாகப் பிறந்ததல்ல. 2007 அக்டோபரில் அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வந்தபோது அதில் இருந்தது 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, கூடவே லினக்ஸ். ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. அதில் மின்னஞ்சல் பார்க்கலாம், இணையத்தில் உலாவலாம், தட்டச்சு செய்யலாம், நன்றாகவே ஓடியது. ஆனால் அப்போதைய இணையப் பக்கங்கள் வேறு, இன்றைய பக்கங்கள் வேறு. இயங்குதளம் இன்றும் லேசாகத்தான் இருக்கிறது. பாரமாகிப் போனது பிரவுசர். லினக்ஸை எவ்வளவு லேசாகத் தேர்ந்தெடுத்தாலும் யூடியூப் பக்கமும் மின்னஞ்சல் பக்கமும் விண்டோஸில் கேட்கும் அதே நினைவகத்தைத்தான் இங்கேயும் கேட்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கணக்கைப் பார்ப்போம். லினக்ஸ் பல வெளியீடுகளாக வருகிறது. அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரைத்தோற்றம் கொண்ட பதிப்பு, எந்த நிரலையும் திறக்காமல் சும்மா இருக்கும்போது, நான் பார்த்த கணினிகளில் ஏறத்தாழ 700 முதல் 900 எம்பி வரை எடுத்துக்கொள்கிறது. லுபுண்டு என்ற இன்னொரு வெளியீடு இன்னும் கொஞ்சம் குறைவு. இதன்மேல் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, ஒரு டேபில் மின்னஞ்சல், ஒன்றில் யூடியூப், இரண்டு செய்தித் தளங்கள் என்று வைத்தால் பிரவுசர் மட்டுமே ஒன்றரை ஜிபியைச் சுலபமாகத் தாண்டும். 2 ஜிபி கணினி அங்கேயே மூச்சுத் திணற ஆரம்பிக்கும். மவுஸ் அம்பு நகராது, நீங்கள் தட்டச்சு செய்த எழுத்து அரை நிமிடம் கழித்துத் தெரியும். 4 ஜிபி இருந்தால் ஐந்தாறு டேபோடு கட்டுப்பாடாகப் பயன்படுத்தலாம். 8 ஜிபி இருந்தால் நீங்கள் சொன்ன வேலைகளுக்கு ரேம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவீர்கள். லினக்ஸ் மின்ட் தன் குறைந்தபட்சத் தேவையாக 2 ஜிபி என்று எழுதி, சௌகரியமாகப் பயன்படுத்த 4 ஜிபி என்று பரிந்துரைக்கிறது. அந்த இரண்டாவது எண்ணைத்தான் நீங்கள் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

'இசட்ரேம்' பற்றி யாராவது சொல்லியிருக்கலாம். நினைவகத்தில் உள்ளதை அழுத்திச் சுருக்கி, இருக்கும் இடத்திலேயே கூடுதலாக அடக்கும் ஏற்பாடு அது. நல்ல விஷயம்தான், 4 ஜிபி கணினிகளில் நான் தவறாமல் போட்டுவிடுகிறேன், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சுருக்கி விரிக்கும் வேலையைச் செய்வது பிராசசர். மலிவான நெட்புக்கில் அதுவும் பலவீனமாகத்தான் இருக்கும். ஆக 4 ஜிபிக்கு இது கைகொடுக்கும். 2 ஜிபியை 4 ஆக்கிவிடாது.

அடுத்தது சேமிப்பு. அந்த 32 ஜிபி பெரும்பாலும் ஈஎம்எம்சி என்ற வகையாக இருக்கும். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட சில்லு. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வகையைவிட வேகம் குறைவு, கழற்றி மாற்ற முடியாது. லினக்ஸை நிறுவி, லிப்ரெ ஆபீஸ் (கடிதம் எழுத உதவும் அலுவலக நிரல்), பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் 12 முதல் 15 ஜிபி போய்விடும். மீதியில் உங்கள் கோப்புகள், படங்கள், அவ்வப்போது புதுப்பிப்பில் வரும் புதுக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). ஒருவருக்கு இப்படி ஒரு கணினியைத் தயார்செய்து கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்து பாதியில் நின்று, அடுத்த முறை கணினி கிளம்பவே இல்லை. சரிசெய்துவிட்டேன், ஆனால் அதே நிலை மறுபடியும் வந்தது. இரண்டாவது முறை அவருக்கு வேறு கணினி பார்க்கச் சொன்னேன். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, கணினியில் இடமே இல்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து நான் கற்ற பாடத்தை இப்படிச் சொல்லலாம்: ஒரு கணினியைப் பார்க்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, எதைப் பின்னால் மாற்றலாம் என்று பாருங்கள். ரேம் குச்சியாகச் செருகியிருக்கிறதா, பலகையில் பற்றவைத்திருக்கிறதா? எஸ்எஸ்டியைக் கழற்றலாமா? பேட்டரியை மாற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்றால், இன்று கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே வரிசைக் கணினிகளில்கூட இது மாறும். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்270-இல் ரேமைக் கழற்றி மாற்றலாம். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்280-இல் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். எண்ணில் பத்துதான் வித்தியாசம். 4 ஜிபி எக்ஸ்280 வாங்கினால் கடைசிவரை 4 ஜிபிதான். 4 ஜிபி எக்ஸ்270 வாங்கினால் நாளைக்கே 8 ஆக்கலாம்.

சரி, அப்படியானால் எதைத் தேடுவது? இப்போது உங்களுக்குச் சாதகமாக ஒன்று நடந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் பிராசசர்களில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ளவற்றைத்தான் விண்டோஸ் 11 ஏற்கிறது. அதனால் 6-ஆம், 7-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் கொண்ட அலுவலகக் கணினிகள், வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே, கூட்டம் கூட்டமாகக் கழிக்கப்படுகின்றன. லினக்ஸுக்கு இவை பொருத்தமானவை. திங்க்பேட் எக்ஸ் வரிசை, டெல் லாட்டிட்யூட் 7000 வரிசையின் சின்ன மாதிரிகள், எச்பி எலைட்புக் 820 போன்றவை 12.5 அங்குலத் திரையோடு நெட்புக்குக்குப் பக்கத்தில் வரும் அளவில் இருக்கின்றன. கீபோர்டு உறுதியானது, கீல் உறுதியானது, பிரித்துப் பார்க்கும் கையேடுகளைத் தயாரிப்பாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். என் கையால் கொடுத்த கணினிகளில் குறைவாகத் திரும்பி வந்தவை இந்த வகைதான்.

தலைமுறை பற்றி ஒரு நுணுக்கம், நீங்கள் யூடியூப் பார்ப்பவர் என்பதால் சொல்கிறேன். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல்லின் 7-ஆம் தலைமுறை முதல் விபி9-ஐ முழுமையாகக் கிராஃபிக்ஸ் பகுதியே பிரித்துக் காட்டிவிடும். அதற்கு முந்தியவற்றில் அந்த வேலையின் பெரும்பகுதி பிராசசர் தலையில் விழும், ஃபேன் இரையும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஃபயர்ஃபாக்ஸ் 115-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இந்த வசதியைத் தானாகவே இயக்கிவிடுகிறது. ஆக 6-ஆம், 7-ஆம் தலைமுறை இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் 7-ஐ எடுங்கள். 6 மட்டும்தான் கிடைக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம், 720பி தரத்தில் தாராளமாகப் பார்க்கலாம்.

உண்மையான பழைய நெட்புக், அதாவது 2008 முதல் 2012 வரை வந்த ஆட்டம் பிராசசர் கணினி, யாராவது இலவசமாகக் கொடுத்தால்? அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கொடுத்து வாங்காதீர்கள். அந்த நாட்களில் எங்கும் காணப்பட்ட ஆட்டம் என்270 பிராசசர் 32 பிட் என்ற பழைய வகை மட்டுமே, இன்றைய கணினிகள் 64 பிட். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வெளியீட்டில் 32 பிட் கணினிகளுக்கு நிறுவல் வட்டே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திக்கொண்டது. குரோம் 2016-லேயே நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற சில வெளியீடுகள் இன்னும் 32 பிட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன. எழுதுவதற்கு மட்டும், இணையம் இல்லாமல், அப்படிப்பட்ட கணினி இன்றும் அழகாக உதவும். 2014 வாக்கில் வந்த ஆட்டம் இசட்3735எஃப் கணினிகளில் வேறொரு சிக்கல்: பிராசசர் 64 பிட், ஆனால் அதைக் கிளப்பிவிடும் யுஇஎஃப்ஐ 32 பிட். பல லினக்ஸ் பென்டிரைவ்களை அது கண்டுகொள்ளவே செய்யாது. இந்தப் பெயரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்று நினைத்தால், செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசசரைவிட இன்டெல் என்100 எவ்வளவோ மேல். நான்கு கோர், ஏவி1 வீடியோவையும் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்ளும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். 8 ஜிபி ரேமும் எம்.2 எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரேம் பற்றவைத்திருந்தாலும் 8 ஜிபி என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

குரோம்புக்கை, அதாவது கூகுளின் சொந்த இயங்குதளத்தோடு வரும் மடிக்கணினியை, வாங்கி லினக்ஸ் போடலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. குரோம்புக்கைக் குரோம்புக்காகவே பயன்படுத்துவதாக இருந்தால் உங்கள் தேவைக்கு அது நல்ல கணினி. அதில் பார்க்க வேண்டியது தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதி. 2021 முதல் வந்த மாதிரிகளுக்குக் கூகுள் பத்து ஆண்டுகள் தருகிறது, ஆனால் அந்தப் பத்து ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வன்பொருள் முதலில் வெளியானதிலிருந்து ஓடுகிறது. ஆனால் பழைய குரோம்புக்கைப் பிரித்து, அதன் ஃபர்ம்வேரை (கணினியைக் கிளப்பிவிடும் உள்மென்பொருளை) மாற்றி, சாதாரண லினக்ஸ் நிறுவுவது அதில் கைதேர்ந்தவர்களின் வேலை. சில மாதிரிகளில் எல்லாம் முடிந்தபின் ஒலி மட்டும் வராது. கட்டளை தெரியாத ஒருவருக்கு அந்தப் பாதையை நான் காட்ட மாட்டேன்.

பழைய கணினி வாங்கும்போது செய்ய வேண்டிய ஒரே ஒரு பரீட்சை உண்டு, அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (அதன் இணையதளத்தில் கிடைக்கும் நிறுவல் கோப்பை) ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். எழுதுவதற்கு எட்சர், ரூஃபஸ், வென்டாய் ஆகிய நிரல்களில் எதுவும் சரிதான். விற்பவர் முன்னால் அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்புங்கள்; லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12 விசை, எச்பியில் எஃப்9. இதில் கணினியில் உள்ள எதுவும் அழியாது, 'நிறுவு' என்ற பொத்தானைத் தொடாதவரை. திரை வந்ததும் வைஃபையில் இணைந்து ஒரு யூடியூப் வீடியோவை ஓடவிடுங்கள். ஒலி வருகிறதா, ஹெட்ஃபோன் செருகினால் ஒலி அங்கே மாறுகிறதா, கேமரா தெரிகிறதா, திரை வெளிச்ச விசைகள் வேலை செய்கின்றனவா, டச்பேடில் இரண்டு விரலால் பக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். தட்டச்சு செய்யும் நிரல் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு விசையையும் ஒருமுறை அழுத்துங்கள். அப்புறம் மூடியை மூடி, ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள். கணினி விழித்துக்கொண்டு வைஃபையும் தானாக இணைந்தால், லினக்ஸில் தொல்லை தரும் விஷயங்களில் பெரும்பாலானவை அந்தக் கணினியில் இல்லை என்று நம்பலாம்.

அதே பென்டிரைவிலிருந்தே இன்னும் இரண்டு உண்மைகள் வெளிவரும். மின்சக்தி அமைப்பில் பேட்டரியைச் சொடுக்கினால், தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது நிரம்பினால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரிக்கான செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 'டிஸ்க்ஸ்' என்ற நிரல் எஸ்எஸ்டியின் அல்லது ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அது நல்ல நிலையில் இருந்தாலும் எஸ்எஸ்டியாக மாற்றிவிடுங்கள். பழைய கணினிக்கு நான் செய்யும் எந்த வேலையும் இந்த அளவுக்குப் பலன் கொடுத்ததில்லை.

பென்டிரைவ் பரீட்சையைத் தவிர்த்த ஒருமுறை நான் நஷ்டப்பட்டிருக்கிறேன். அவசரத்தில் வாங்கிய அலுவலகக் கணினி ஒன்றில் முந்தைய நிறுவனம் வைத்த பயாஸ் (கணினியைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் அப்படியே இருந்தது. பென்டிரைவிலிருந்து கிளப்பவே விடவில்லை. விற்றவருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியாது. அந்த மாதிரியில் பேட்டரியைக் கழற்றினாலும் கடவுச்சொல் போகாது, கடைசியில் உதிரிபாகத்துக்காகக் கொடுத்துவிட்டேன். ஆகவே கணினி பென்டிரைவிலிருந்து கிளம்புகிறது, பயாஸுக்குள் போய் அமைப்புகளை மாற்றவும் முடிகிறது, இந்த இரண்டையும் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வைஃபை சில்லைப் பற்றிக் கொஞ்சம். இன்டெல், ஏதெராஸ் சில்லுகள் லினக்ஸில் பொதுவாகத் தாமாகவே வேலை செய்யும். பிராட்காம் என்றால் தனி டிரைவரை நிறுவ வேண்டிவரலாம்; மின்ட்டின் டிரைவர் மேலாளர் அதைப் பொத்தானிலேயே முடித்துவிடும், ஆனால் அதற்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, இணையத்தைப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும், லினக்ஸ் உடனே அதைக் கண்டுகொள்ளும். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எத்தனையோ தடவை கைகொடுத்த வழி இது.

எந்த லினக்ஸ் என்பதில் நீண்ட விவாதங்கள் நடக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. 4 ஜிபியோ அதற்கு மேலோ என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் பழகிய கைக்கு எல்லாம் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும், 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. இன்னும் லேசாக வேண்டுமென்றால் லுபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள்தான் ஆதரவு. உங்களுக்கு உதவக்கூடிய நண்பரோ உறவினரோ வேறொன்றைப் பயன்படுத்தினால், நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆள் இருப்பது எந்த வெளியீட்டின் சிறப்பையும்விடப் பெரிது. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதன் எம்17என் தொகுப்பும் வேண்டும். அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் உண்டு. ஐபஸைத் தேர்ந்தெடுக்கும் இடம் மின்ட்டின் 'உள்ளீட்டு முறை' பக்கம். சின்னத் திரையில் ஏதாவது ஒரு ஜன்னலின் கீழ்ப்பகுதி மறைந்து 'சரி' பொத்தான் தெரியாமல் போனால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் ஜன்னலை மேலே இழுங்கள்.

இனிப் பராமரிப்பு. வாரம் ஒருமுறை புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து எல்லாவற்றையும் நிறுவுங்கள். புதுக் கெர்னல் வந்திருந்தால் ஒருமுறை கணினியை அணைத்துப் போடுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது செய்வது நல்லது. அதே மேலாளரின் விருப்பங்களில், பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு கெர்னலும் சில நூறு எம்பி பிடிக்கும், ஓராண்டில் அது கணிசமாகச் சேர்ந்துவிடும். மின்ட்டின் மென்பொருள் பட்டியலில் 'பிளாட்பாக்' என்று குறித்திருக்கும் நிரல்கள் தமக்கென்று தனி அடித்தளத் தொகுப்பைக் கொண்டுவரும். முதல் நிரல் நிறுவும்போதே ஒரு ஜிபி போவது சாதாரணம். சேமிப்பு குறைவாக இருந்தால் அதே நிரலின் வழக்கமான தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். 'வேகப்படுத்தும் மென்பொருள்', 'ரெஜிஸ்ட்ரி சுத்தம்' என்ற விண்டோஸ் பழக்கங்கள் எதுவும் இங்கே வேண்டாம். எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம் வேலையை மின்ட் வாரம் ஒருமுறை தானே செய்துகொள்கிறது. பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துவிடுங்கள். பலவீனமான கணினியில் அது நினைவகத்தையும் பிராசசரையும் ஒருசேர மிச்சப்படுத்தும்.

இணையத்தில் கண்ட கட்டளையை அர்த்தம் தெரியாமல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில்) ஒட்டாதீர்கள். என்னிடம் பழுதாகி வந்த லினக்ஸ் கணினிகளில் கணிசமானவை அப்படித்தான் வந்தன. நீங்கள் சொன்ன வேலைகள் எதற்கும் டெர்மினல் தேவைப்படாது.

காப்புப்பிரதியில் எல்லோருக்கும் வரும் ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் இருக்கிறது. அது இயங்குதளத்தின் நிலையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளும். புதுப்பிப்பு ஏதாவது கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் வழக்கமான அமைப்பில் உங்கள் ஹோம் கோப்புறையை அது தொடுவதில்லை. உங்கள் புகைப்படங்களும் கடிதங்களும் அதில் இல்லை! 'டைம்ஷிஃப்ட் ஓடுகிறதே, எல்லாம் பத்திரம்' என்று நம்பியிருந்து, எஸ்எஸ்டி போனபோது படங்களை இழந்தவரை எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு வேலை: டைம்ஷிஃப்ட்டை இரண்டு மூன்று பிரதிகளோடு நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் அதுவே இடத்தை நிரப்பிவிடும். உங்கள் கோப்புகளை மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். இழுத்துப் போட்டு நகலெடுத்தாலே போதும், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

பேட்டரி லித்தியம் அயான். எப்போதும் நூறு சதவீதத்தில், சூட்டில் இருப்பதுதான் அதற்குப் பிடிக்காதது. நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்துப் பயன்படுத்துவீர்கள் என்றால் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைக்கலாம். டெல் லாட்டிட்யூடில் பயாஸிலேயே அந்த அமைப்பு உண்டு. திங்க்பேடில் டிஎல்பி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் இரண்டு எண்களை மாற்ற வேண்டும், அதை ஒருமுறை யாரிடமாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மலிவான நெட்புக்குகளில் பெரும்பாலும் இந்த வசதியே இருக்காது. நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். டச்பேடோ கீபோர்டோ மேலே எழும்பியதுபோல் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள். அன்றே பயன்பாட்டை நிறுத்தி மாற்றிவிடுங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது. ஃபேன் உள்ள கணினியை மெத்தையில் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை தூசு எடுத்தால் சத்தமும் சூடும் குறையும்.

இதுவரை சொன்னவற்றில் ரேம், ஈஎம்எம்சி, 32 பிட் பற்றியவை உறுதியானவை, அவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு சில விஷயங்கள் மாதிரிக்கு மாதிரி மாறும்: கைரேகை உணரி, திரையை முழுவதும் மடக்கினால் படம் தானாகத் திரும்புவது, புதிய கணினிகளில் மூடியை மூடியபின் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது போன்றவை. இவற்றில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், பென்டிரைவ் பரீட்சைதான் தீர்ப்பு. ஏஆர்எம் (ஃபோன்களில் இருக்கும் வகை) பிராசசர் மடிக்கணினிகளில் நான் வேலை செய்தது மிகக் குறைவு, அதனால் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. அப்புறம், வாங்குவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: விண்டோஸில் மட்டுமே ஓடும் நிரல் ஏதாவது எனக்குக் கட்டாயம் வேண்டுமா? சில இணையத் தேர்வு மென்பொருள்கள், சில டிஜிட்டல் கையொப்பக் கருவிகள், அலுவலகம் கட்டாயப்படுத்தும் ஏதாவது ஒன்று. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கோப்புகளை லிப்ரெ ஆபீஸ் திறக்கும், சாதாரணக் கடிதங்களில் சிக்கல் வராது. பக்க அமைப்பு சிக்கலான கோப்புகளில் சில இடங்கள் நகரும். அப்படிக் கட்டாயத் தேவை எதுவும் இல்லை என்றால் தயங்காமல் இறங்கலாம்.

பழைய கணினி ஏதாவது கண்ணில் பட்டால், அடிப்பகுதி ஸ்டிக்கரில் உள்ள முழு மாதிரி எண்ணையும் பிராசசர் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் ரேம் கழற்றக்கூடியதும் முடியாததும் இருக்கும். எண் இருந்தால், நீங்கள் பென்டிரைவோடு கிளம்புவதற்கு முன்பே அதில் எதையெல்லாம் மாற்ற முடியும் என்று பார்த்துச் சொல்கிறேன்.